நாய் கவ்விய ஓணான்: சின்ன ஓட்டைதான் தெரிகிறது, அப்படியே விட்டுவிடலாமா?

மொட்டைமாடி_செடி, காலை 9:10

அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் எங்கள் நாய் தோட்டத்தில் ஒரு ஓணானைக் கவ்விவிட்டது. அது செடிப்பாத்தியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது போல, முன்கால் இரண்டிலும் ஈரமண் ஒட்டியிருந்தது. நான் கத்தக் கத்த நாய் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அதன் பந்தை எடுத்துக் காட்டியதும்தான் வாயைத் திறந்தது.

கீழே விழுந்த ஓணான் செத்தது மாதிரி மல்லாந்து கிடந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே புரண்டு கண்ணைத் திறந்தது. உடம்பெல்லாம் எச்சில். வலது முன்காலின் அக்குளுக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு ஓட்டை, ஊசியால் குத்தியது போல, அவ்வளவு சின்னது. ரத்தம் ஒரு சொட்டுதான் வந்தது, அதுவும் உறைந்துவிட்டது. இடது பின்காலை மட்டும் இழுத்து இழுத்து நகர்கிறது. முதலில் வெளிர் பழுப்பாக இருந்தது, இப்போது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது.

செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்து வைத்திருக்கிறேன். கரண்டியில் தண்ணீர் காட்டினேன், வாயைத் திறக்கவில்லை. காயம் இவ்வளவு சின்னதாக இருப்பதால் வேலிப்பக்கம் விட்டுவிடலாமா, இல்லை மருந்து ஏதாவது போட வேண்டுமா? நாய்க்கு இதனால் ஏதாவது வருமா என்றும் யாராவது சொல்லுங்கள். அதுவும் வாயை நக்கிக்கொண்டே இருக்கிறது.


சும்மா_ஒருவன், காலை 9:18

விட்டுவிடுங்கள், அதுவே தேறிக்கொள்ளும். ஓணானுக்கு உயிர் கெட்டி. கொஞ்சம் டெட்டால் தொட்டு வைத்துவிட்டு மரத்தடியில் வையுங்கள், மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிடப் போகிறது.


கூண்டில்லாதவள், காலை 9:41

டெட்டால் வேண்டாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள வேதிப்பொருள் ஊர்வனவற்றின் தோலுக்கும் உடம்புக்கும் ஆகாது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கையில் கிடைக்கும் பொடி எதுவும் வேண்டாம். விடவும் வேண்டாம். மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். (காயம்பட்ட காட்டுயிர்களை எடுத்துப் பராமரிக்கும் இடத்தில் ஓய்வு நாட்களில் வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை.)

செடி, அந்த ஓட்டையின் அளவைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாய்ப்பல் கூம்பு மாதிரி, குத்திவிட்டு வெளியே வந்ததும் தோல் சுருங்கி மூடிக்கொள்ளும். உள்ளே தசை நசுங்கியிருக்கும், அதற்குள் நாயின் வாயிலிருந்த கிருமி போய் உட்கார்ந்திருக்கும். பாஸ்டுரெல்லா என்று ஒரு வகை, ஆரோக்கியமான நாயின் வாயிலேயே சாதாரணமாக இருக்கும், நாய்க்கு ஒன்றும் செய்யாது. கடிபட்டதன் உடம்புக்குள் போனால்தான் வேலையைக் காட்டும். இன்னொன்று, பல்லி ஓணான் வகைகளுக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது, நுரையீரலும் குடலும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் இடத்துக்கு நேர் உள்ளே நுரையீரல். அந்த ஓட்டை தோலோடு நின்றதா உள்ளே போனதா என்பதுதான் இப்போது முக்கியமான கேள்வி, அதை வெளியிலிருந்து பார்த்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பஞ்சை எடுத்துவிடுங்கள். நகம் சிக்கும், இழை காயத்தில் ஒட்டும். டிஷ்யூ பேப்பரையோ நூல் பிரியாத பழைய பருத்தித் துணியையோ விரியுங்கள். மண், மணல், மரத்தூள் எதுவும் போடாதீர்கள். வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டாம். அதன் மூச்சுத்துளை நாக்குக்குச் சற்றுப் பின்னால் வாயின் அடித்தளத்திலேயே இருக்கிறது, நீங்கள் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும். தாகம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் ஏறினால் நாளை என்பதே இருக்காது.

அடுத்தது சூடு. அது தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். வெயில் படாத அறையில் பெட்டியை வையுங்கள். ஒரு பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான், அதிகம் சுட்டால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சூடான பக்கம் 28லிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் போதும். பெட்டியை நேரே வெயிலில் வைத்து “குளிர்காயட்டும்” என்று விட்டவர்களை எனக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் உள்ளே வெந்து செத்திருக்கும்.

மூடியில் நாலைந்து துளை, உள்ளே இருட்டு, வீட்டில் சத்தம் வேண்டாம். கறுத்துப்போனது பயத்தினாலும் அதிர்ச்சியினாலும் இருக்கலாம், இருட்டில் ஒரு மணி நேரம் விட்டால் கொஞ்சம் தெளியும். குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், அதை நிறுத்துங்கள். அது அசையாமல் பார்ப்பதை அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், பயத்தில் உறைந்து போயிருக்கிறது.

எறும்பு! மறந்தே போனேன். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டி. மூடியின் துளைகள் மேல் மெல்லிய துணி போடுங்கள், ஈ முட்டையிட்டால் ஒரு நாளில் புழு வந்துவிடும்.

இதெல்லாம் மருத்துவரிடம் போகும் வரை உயிரைப் பிடித்து வைக்கத்தான், சிகிச்சை ஆகாது. இன்றைக்கே போக வேண்டும். போவதற்கு முன் டார்ச் அடித்து ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள்: மூச்சு விடும்போது அந்த ஓட்டையில் குமிழி வருகிறதா? வயிறு எப்படி இருக்கிறது?


சும்மா_ஒருவன், காலை 9:50

சரிங்க, டெட்டால் விஷயம் தெரியாது. ஆனாலும் ஒரு ஓணானுக்கு இவ்வளவா?


கூண்டில்லாதவள், காலை 9:53

கவ்வியது பருந்தாக இருந்தால் நானும் விட்டுவிடச் சொல்லியிருப்பேன் தம்பி. கவ்வியது வீட்டில் சோறு போட்டு வளர்க்கும் நாய். அதற்குப் பசியும் இல்லை.


மொட்டைமாடி_செடி, காலை 10:25

அக்கா, நன்றி. பஞ்சை எடுக்கும்போதே பின்கால் நகம் இரண்டு சிக்கியிருந்தது, கத்தரியால் வெட்டித்தான் விடுவித்தேன். குமிழி இல்லை. வாயை மூடிக்கொண்டுதான் மூச்சு விடுகிறது, விலா ஏறி இறங்குவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறது. ஆனால் வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது, தோலுக்கு அடியில் மணி மணியாக, பாசிமணியை வரிசையாக அடுக்கியது போல. கடித்ததால் வீங்கியிருக்கிறதா? அழுத்திப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள், ஓணான் என்றதும் சிரிப்புச் சத்தமும் கேட்டது. போகட்டும். அடுத்து யாரைக் கேட்பது?


ஊசிமருந்து, காலை 10:48

அழுத்திப் பார்க்க வேண்டாம், பார்க்காததே நல்லது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது வீக்கம் இல்லை, முட்டை. மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது என்று முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து ஓணான் பெரும்பாலான நேரம் செடியிலும் மரத்திலும்தான் இருக்கும், பெண் ஓணான் முட்டையிடத்தான் தரைக்கு வந்து குழி பறிக்கும். பத்து இருபது முட்டை சுமந்துகொண்டு வேகமாக ஓடவும் முடியாது. நாயிடம் மாட்டும் ஓணான்களில் இப்படிப்பட்டவற்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதனால் அவசரம் கூடுகிறது. கடியில் உள்ளே ஒரு முட்டை உடைந்திருந்தாலும் மஞ்சள் கரு வயிற்றறைக்குள் கசிந்து அழற்சி வரும். வெளியில் ஒன்றுமே தெரியாது, நாலைந்து நாள் கழித்துச் சோர்ந்து போகும்.

கால்நடை மருத்துவராக ஒன்று சொல்ல வேண்டும். “ஓணான் பார்ப்பீர்களா” என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் பல இடத்தில் வரும், எங்களில் பலருக்கு ஊர்வன பற்றிப் படிப்பில் சில பக்கங்களுக்கு மேல் கிடைத்திருக்காது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “பறவை, முயல், ஆமை பார்க்கிற மருத்துவர் இருக்கிறாரா” என்று கேளுங்கள், ஆமை பார்ப்பவர் ஓணானையும் பார்ப்பார். காட்டுயிர் மீட்புக் குழுவையோ வனத்துறையையோ கூப்பிட்டால் அவர்கள் யாரிடம் கொண்டுபோகிறார்கள் என்று சொல்வார்கள். பல நாடுகளில் காட்டுயிரை அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருக்கவே கூடாது, அதனாலும் அவர்களுக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுவது நல்லது. அதுவும் கிடைக்கவில்லை என்றால் நாய் பார்க்கும் மருத்துவரிடமே போய், ஊர்வன பார்க்கும் ஒருவரிடம் போனில் பேசிவிட்டு மருந்து கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கே அப்படி அழைப்புகள் வரும், யாரும் தவறாக நினைப்பதில்லை.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் குறையும். ஓட்டையைச் சலைனால் கழுவுவார்கள், பெரும்பாலும் தைக்க மாட்டார்கள். கடிவாயைத் தைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். வலிக்கு மருந்து உண்டு, மெலாக்ஸிகாம் பரவலாகப் பயன்படுகிறது. மனிதருக்கான வலி மாத்திரையை நீங்களாகப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். கிருமிக்கு ஊசி. செஃப்டாசிடிம் என்று ஒன்று இருக்கிறது, ஊர்வனவற்றின் உடம்பில் மெதுவாகவே கரைந்து வெளியேறுவதால் பல வகைகளுக்கு மூன்று நாளுக்கு ஒரு தரம் போட்டால் போதும். ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போடுவோம். பின்காலிலிருந்து வரும் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு இவற்றுக்கு உண்டு, அங்கே போட்டால் மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறிவிடலாம் என்ற கவலை. அளவை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு துளி அதிகமானாலும் அதிகம்தான். முடிந்தால் சமையலறைத் தராசில் பெட்டியோடு நிறுத்து, பிறகு வெறும் பெட்டியை நிறுத்து, எடையை எழுதிக்கொண்டு போங்கள்.

பின்கால் பற்றி: எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். முதுகெலும்பில் அடி என்றால் வழக்கமாக இரண்டு காலும் வாலும் சேர்ந்து துவளும், ஒரு கால் மட்டும் என்பது கொஞ்சம் நம்பிக்கை தருகிறது.


அரணைக்கால், பகல் 12:05

வெறும் அனுபவம்தான், மருத்துவம் தெரியாது. போன வருடம் எங்கள் பூனை ஒரு அரணையைப் பிடித்தது. வாலை உதறிவிட்டது, வால் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது, பூனை அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அரணையை எடுத்துவிட்டேன். வால் போன இடத்தில் ரத்தம்கூட இல்லை. வால் முளைத்துவிடும், அவ்வளவுதான் என்று பூந்தொட்டி ஓரமாக விட்டேன், விர்ரென்று தொட்டிக்கு அடியில் ஓடியது. ஓடுகிறதே, சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

நாலாம் நாள் தொட்டியை நகர்த்தினால் அதே இடத்தில் கிடந்தது. எறும்பு கண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் வயிற்றுப்பக்கம் ஒரு பல் தடம், அதைச் சுற்றித் தோல் பச்சையும் கறுப்புமாக. அன்றைக்கு நான் வயிற்றைத் திருப்பிப் பார்க்கவே இல்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயத்தில் எதுவும் ஓடும். ஓடியதை வைத்து நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.


ஊசிமருந்து, பகல் 12:20

அரணைக்கால் சொன்னதோடு ஒரு குறிப்பு. அரணையும் பல்லியும் வாலை விடுவது ஏற்கெனவே இருக்கும் ஒரு விரிசல் கோட்டில், தசை உடனே இறுகி ரத்தத்தை நிறுத்திவிடும். முளைக்கும் புது வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குச்சிதான். தோட்டத்து ஓணானுக்கு அந்த வசதி இல்லை, வால் போனால் போனதுதான். அதனால் ஓணானை வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

சீழ் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நமக்கு வருவது போல வழியும் சீழ் ஊர்வனவற்றுக்கு வராது, உலர்ந்த மெழுகு மாதிரி கெட்டியாக உள்ளேயே திரண்டு நிற்கும். “சீழ் வரவில்லை, புண் ஆறிவிட்டது” என்று கொண்டுவருவார்கள், தோலைக் கீறினால் உள்ளே ஒரு கொட்டைப் பாக்கு அளவுக்குக் கட்டி இருக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.


நாலுகால்_நண்பன், பிற்பகல் 2:30

நாய் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நாய்ப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வெறிநோய் பயம் வேண்டாம், அது பாலூட்டிகளுக்கு மட்டும் வரும் நோய், ஓணான் அதைச் சுமக்காது. தோட்டத்து ஓணானுக்கு விஷமும் கிடையாது, “ரத்தம் உறிஞ்சும்” என்பதெல்லாம் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவந்துவிடுவதைப் பார்த்துக் கட்டிய கதை. நாய் வாயை நக்குவது பெரும்பாலும் வாயில் ஒட்டிய செதிலும் மண்ணும் உறுத்துவதால். உதட்டை விலக்கி ஈறில் கீறல் இருக்கிறதா பாருங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் வாந்தி, பேதி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி சகஜம். அதே காரணத்துக்காக ஓணானைத் தொட்ட பிறகு நீங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவே விடாதீர்கள். தராசில் நிறுத்தால் அதையும் துடைத்துவிடுங்கள்!

நாயை அடிக்கவில்லையே? அடித்திருந்தால் இனிமேல் எதையாவது கவ்வினால் உங்களைப் பார்த்ததும் விழுங்கிவிடும். பந்தைக் காட்டியது சரியான வேலை, தற்செயலாகச் செய்திருந்தாலும் சரி. கவ்வியதை இழுத்தால் அது விளையாட்டு என்று நாய் நினைத்து இன்னும் இறுக்கும், தலையை உதறும். உதறும்போதுதான் கழுத்து முறியும். கவ்வியதை விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். பொம்மையை வைத்து வீட்டுக்குள்ளேயே “விடு” என்பதைத் தினமும் ஐந்து நிமிடம் பழக்குங்கள். தோட்டத்தில் பழகுவதற்கு முன் வீட்டில் நூறு தரம் பழகியிருக்க வேண்டும்.

அதைவிட எளிது, நேரத்தை மாற்றுவது. காலையில் ஓணானின் உடம்பு குளிர்ந்திருக்கும், வெயில் காய்ந்து சூடேறும் வரை அதனால் வேகமாக ஓட முடியாது. நாம் நாயைத் தோட்டத்தில் அவிழ்த்துவிடுவது சரியாக அந்த நேரத்தில்தான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கயிற்றில் கூட்டிப்போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.


மொட்டைமாடி_செடி, இரவு 8:15

ஆமை பார்க்கும் மருத்துவர் கிடைத்துவிட்டார்! பேருந்தில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன இருக்கிறது என்று கேட்டார், உண்மையைச் சொன்னதும் எழுந்து நின்றுகொண்டே வந்தார்.

எடை 41 கிராம். கால் எலும்பு முறியவில்லை, தொடையில் நசுங்கல். ஓட்டைகளில் ஒன்று தோலோடு நின்றுவிட்டது. இன்னொன்று தசைக்குள் அரை சென்டிமீட்டர் போயிருக்கிறது, நுரையீரலைத் தொடவில்லை. சலைனால் கழுவினார்கள். அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து நாயின் முடி ஒன்று வெளியே வந்தது, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஊசி முன்காலில்தான் போட்டார், மூன்று நாளைக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார். மீட்புக் குழுவுக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார், இடம் இல்லாததால் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முட்டை இருப்பது உறுதி. உடைந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. தத்துக்கிளி பிடித்துப் பெட்டியில் விட்டிருக்கிறேன்.


கூண்டில்லாதவள், இரவு 8:22

தத்துக்கிளியை எடுத்துவிடுங்கள், இப்போதே. இரவெல்லாம் உள்ளே இருந்தால் பூச்சி காயத்தைக் கடிக்கும், நகர முடியாததை நன்றாகவே கடிக்கும். பகலில், உடம்பு சூடாக இருக்கும்போது, ஒன்றைக் காட்டுங்கள், பத்து நிமிடத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வளர்ந்த ஓணான் சில நாள் சாப்பிடாமல் தாங்கும், தண்ணீர் இல்லாமல்தான் தாங்காது. இப்போது தலையைத் தூக்கி வைத்துக்கொள்கிறது அல்லவா? அப்படியென்றால் சிரிஞ்சில் ஒரே ஒரு துளியை மூக்கு நுனியில் வையுங்கள், பனித்துளியை நக்குவது போல அதுவாக நக்கும். வாய்க்குள் விடாதீர்கள், மூக்கு நுனியில் மட்டும்.

முட்டைக்காக ஒரு கிண்ணத்தில் விரல்கடை ஐந்தாறு ஆழத்துக்கு ஈரமண் வையுங்கள். பிடித்தால் உருட்டி நிற்கும், தண்ணீர் சொட்டாது, அந்த ஈரம். காயத்தில் மண் ஒட்டினால் சலைனால் துடைத்துக்கொள்ளலாம். முட்டையிட இடம் கிடைக்காமல் உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டால் அதிலேயே செத்துப்போகும்.


மொட்டைமாடி_செடி, ஆறு நாள் கழித்து

நேற்று இரவு முட்டை இட்டுவிட்டது. மொத்தம் பதினொன்று. ஒன்பது நன்றாக இருக்கின்றன, வெள்ளையாக, நீளவாக்கில், தோல் மாதிரி மெத்தென்ற ஓடு. இரண்டு தட்டையாகச் சப்பிப்போய் மஞ்சள் கசிந்து உலர்ந்திருந்தது. அவை கடித்த பக்கம் இருந்தவையாகத்தான் இருக்கும். வயிறு ஒட்டிப்போய், இடுப்பெலும்பு தெரிய, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். சூடு வைத்து, மூக்கில் துளித்துளியாகத் தண்ணீர் வைத்ததில் மதியம் ஒரு தத்துக்கிளியைத் தின்றது, முதல் தடவை. மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே மிச்சம் இல்லை என்றார், ஊசியை இன்னும் இரண்டு தரம் நீட்டியிருக்கிறார்.

முட்டைகளை என்ன செய்வது? உருட்டக் கூடாது என்று எங்கோ படித்தேன்.


ஊசிமருந்து, அதே நாள்

சரியாகப் படித்திருக்கிறீர்கள். கோழிமுட்டை மாதிரி புரட்டக் கூடாது, கரு மேல்பக்கமாக ஓட்டில் ஒட்டிக்கொண்டு வளரும், புரட்டினால் செத்துப்போகலாம். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி எப்போதும் மேலே இருக்கும்படி எடுத்து, ஈரமண்ணில் ஒரு சாண் அகலச் சட்டியில் புதையுங்கள். பேனா வேண்டாம். ஆறேழு வாரம் ஆகும். மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டை மேல் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.


அரணைக்கால், அதே நாள்

பதினொன்றா! சும்மா_ஒருவன் எங்கே போனார்?


சும்மா_ஒருவன், அதே நாள்

இங்கேதான் இருக்கிறேன், தினமும் வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கால் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. கால் எப்படி இருக்கிறது?


மொட்டைமாடி_செடி, ஐந்தாவது வாரம்

கால் கொஞ்சம் விறைப்பு, ஆனால் ஊன்றுகிறது. காயம் இருந்த இடத்தில் ஒரு தடவை தோல் உரிந்துவிட்டது, அடியில் செதில் ஒழுங்கில்லாமல் கோணல்மாணலாக முளைத்திருக்கிறது. எடை 38 கிராம், முட்டை போன பிறகு 29க்கு இறங்கியிருந்தது. போன வாரம் மருத்துவர் அதை மல்லாக்கப் போட்டார், கண் இமைப்பதற்குள் புரண்டு அவர் விரலைக் கடித்துவிட்டது. விடலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இன்று காலை ஒன்பதரைக்கு, வெயில் ஏறிய பிறகு, நாயை உள்ளே பூட்டிவிட்டு, பிடித்த அதே பாத்தியிலிருந்து நாலடி தள்ளி இருக்கும் மரத்தடியில் பெட்டியைச் சாய்த்தேன். வெளியே வரவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் பயத்தில் உறைந்துபோகும் என்று கூண்டில்லாதவள் அக்கா சொன்னது ஞாபகம் வந்து, நான் பத்தடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏழெட்டு நிமிடம் கழித்துத் தலை மட்டும் வெளியே வந்தது. அப்புறம் ஒரே ஓட்டம், மரத்தில் ஏறி ஒரு ஆள் உயரத்தில் நின்று, தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டது. நான் சுற்றிப் போனால் அது இந்தப் பக்கம் வருகிறது. மூன்று தரம் இப்படியே சுற்றினோம், பிறகு விட்டுவிட்டேன்.

முட்டைச் சட்டியை அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன், ஒன்று பூசணம் பிடித்துவிட்டது, எட்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம். குஞ்சு வந்தால் நான் உணவு கொடுக்க வேண்டுமா, இல்லை வந்த அன்றே விட்டுவிடலாமா?


கூண்டில்லாதவள், அதே நாள்

அன்றே விட்டுவிடலாம். தாய் வளர்ப்பது கிடையாது, முட்டையிலிருந்து வரும்போதே தானாக வேட்டையாடத் தெரிந்துதான் வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாமல் புதர்புதராகப் பிரித்து விடுங்கள், தாய் இருக்கும் மரத்தில் வேண்டாம். பெரிய ஓணான் குஞ்சைத் தின்றுவிடும், தன்னுடையது என்றெல்லாம் பார்க்காது.

பூசணம் பிடித்ததை மற்றவற்றைத் தொடாமல் எடுத்துவிடுங்கள்.